காது கேட்கவில்லை என்று மனைவியிடம் சொல்வது எப்படி

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் கண்ணீரோடு சொன்னது, பழைய பெட்டியின் அடியில் கிடைத்த கடிதத்தில் இருந்தது என்றெல்லாம் புளுகலாம். மற்றவர்கள் அப்படித்தான் பிழைக்கிறார்கள். எனக்கு இது கீவேர்ட் டூலில் கிடைத்தது.

என் பதிப்பாளர் போன மாதம் அழைத்தார். "எழுதறதுக்கு முன்னாடி ஜனங்க எதைத் தேடறாங்கன்னு ஒரு தடவை பார்த்துட்டு எழுதுங்களேன். நீங்க பாட்டுக்கு எழுதிட்டே இருக்கீங்க. யாரும் தேடவே மாட்டேங்கறாங்க" என்றார். பதினாறு வருடமாக யாரும் தேடாததை எழுதிவருபவனுக்கு இது புதிய அவமானம் இல்லை. ஆனாலும் ரோஷம் வந்துவிட்டது. டூலைத் திறந்தேன்.

தெரியாதவர்களுக்கு: கீவேர்ட் டூல் என்பது இணையத்தில் உள்ள ஒரு பெட்டி. அதில் ஒரு சொல்லையோ சொற்றொடரையோ போட்டால், மாதத்துக்கு எத்தனை தடவை ஜனங்கள் அதைத் தேடுகிறார்கள் என்று ஓர் எண்ணைச் சொல்லும். அதே சொற்களை வைத்து ஒரு பக்கம் எழுதிப் போட்டால், தேடுகிறவர்கள் நேராக நம் வாசலில் வந்து விழுவார்கள் என்பது நம்பிக்கை. இந்த நம்பிக்கையில் பல அலுவலகங்கள் நடக்கின்றன, பல பேர் கல்யாணம் செய்துகொண்டு குடும்பம் நடத்துகிறார்கள்.

கதை எழுதுவதைப் பற்றியே பேசுகிற கதைக்குப் பண்டிதர்கள் வைத்த பெயரான 'மீபுனைவுக் கதை' என்று போட்டேன். பூஜ்யம். 'சீக்கிரம் முடிகிற கதை' என்று போட்டேன். நானூற்று எண்பது. என் பெயரைப் போட்டேன். நீங்கள் தேடுவது இதுவா என்று ஒரு பெயின்ட் கம்பெனியைக் காட்டியது.

வயிற்றெரிச்சலில் எதையெதையோ தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் 'மனைவியிடம் சொல்வது எப்படி' என்று போட்டேன். வரிசையாக வந்து கொட்டியது. வண்டியை இடித்துவிட்டதை மனைவியிடம் சொல்வது எப்படி. அவள் தம்பியைப் பிடிக்கவில்லை என்பதை மனைவியிடம் சொல்வது எப்படி. மறந்துபோன பிறந்தநாளை மனைவியிடம் சொல்வது எப்படி. ஆண்கள் பாவம், எதையும் வீட்டில் சொல்ல முடியாமல் தேடுபொறியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பட்டியலின் கடைசியில், இந்தக் கதையின் தலைப்பாக மேலே இருக்கிற வரி இருந்தது. அதற்குப் பக்கத்தில் மாதத்துக்குப் பத்து என்று போட்டிருந்தது.

தலைப்பில் கீவேர்ட் இருக்க வேண்டும் என்பது சட்டம். பதிப்பாளருக்குத் திருப்தியா?

2

முதல் தொடக்கம்: "வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. ஆனால் அவருக்கு மட்டும்" (போதும். இந்த மழையை எங்கேயோ பார்த்திருக்கிறீர்கள், நானும் பார்த்திருக்கிறேன்.)

இரண்டாம் தொடக்கம்: "எண் என்பது வெறும் எண் அல்ல. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு மனிதனின்" (இதை முடித்திருந்தால் எங்காவது பொன்னாடை போர்த்தியிருப்பார்கள். பயந்து நிறுத்திவிட்டேன்.)

மூன்றாம் தொடக்கம் கீழே. சுமாராகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பெண் வேலைக்குப் போகிறாள். அவள் போகட்டும், நாம் பின்னால் போவோம்.

3

அலுவலகத்தில் எல்லோரும் அவளைக் கட்டுரையக்கா என்று கூப்பிட்டார்கள். டயர் கடைக்கு மேல் மாடியில் ஐந்து மேசை, திறக்காத ஜன்னல் ஒன்று, எப்போதும் பாதி அழிந்தபடியே இருக்கும் வெள்ளைப் பலகை ஒன்று. பூட்டுக் கடையோ பல் மருத்துவரோ மெத்தைக் கம்பெனியோ யார் வந்தாலும் சரி, அவர்கள் தொழிலைப் பற்றி ஜனங்கள் எதைத் தேடுகிறார்கள் என்று டூலில் பார்ப்பது, அதற்கேற்ப ஆயிரத்து இருநூறு வார்த்தையில் கட்டுரை எழுதி அவர்களுடைய இணையதளத்தில் ஏற்றுவது, இதுதான் வேலை. ஏழு வருடத்தில் மெத்தையைப் பற்றி மட்டும் நூற்றுப்பத்துக் கட்டுரை எழுதியிருந்தாள். அவள் வீட்டு மெத்தையில் நடுவில் பள்ளம்.

முதலாளி அவளைவிட ஒன்பது வயது சின்னவன். எந்தப் பேச்சை எடுத்தாலும் "முதல் பக்கத்துல வரணும்" என்றுதான் முடிப்பான். தேடினால் முதல் பக்கத்தில் வராத மனிதன் உயிரோடு இருக்கிறான் என்றே அவன் ஒப்புக்கொள்ள மாட்டான். அதனால் அவன் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் வைத்த பெயர் முதல்பக்கம். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். சம்பள உயர்வுப் பேச்சு வரும்போது மட்டும் மேடம்.

அந்த மாதம் புதிதாக வந்த வாடிக்கையாளர் காது மெஷின் விற்கிறவர். காதுக்கடைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். கட்டுரையக்கா டூலைத் திறந்து, 'நம்ம ஊர் மட்டும்' என்ற இடத்தில் ஒரு தட்டுத் தட்டி, பட்டியலை இறக்கிக்கொண்டிருந்தாள். அதன் அடியில் அந்த வரி வந்தது. பத்து.

"அக்கா, பத்தெல்லாம் ஒரு நம்பரா?" முதல்பக்கம் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "விட்ருங்க. 'காது மெஷின் எது நல்லது' எடுங்க, ரெண்டாயிரத்து நானூறு இருக்கு."

"அதை எடுத்துட்டேன் சார். பாவம், பத்து பேர் தேடறாங்களேன்னு பார்த்தேன்."

"பத்துன்னா பத்து பேர்னுகூட அர்த்தம் இல்லக்கா. ஒரே ஒருத்தர் தேடினாலும் டூல் பத்துன்னுதான் காட்டும். அதுக்குக் கீழ அதுக்கு எண்ணத் தெரியாது."

சொல்லிவிட்டு அவன் டீ குடிக்கப் போய்விட்டான். அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நம்ம ஊர் மட்டும். ஒரே ஒருத்தர்.

4

அவளுடைய கணவர் வாஷிங்மெஷின் மெக்கானிக். தொழிலில் பேர் வாங்கியவர். முன்பெல்லாம் வாடிக்கையாளர் போனில் புலம்பினால், "போனை மெஷின் பக்கத்துல வைங்க" என்பார். பத்து விநாடி சத்தத்தைக் கேட்டுவிட்டு, "பேரிங் போச்சுங்க, நாளைக்கு வரேன்" என்பார். மறுநாள் போய்ப் பார்த்தால் பேரிங்தான் போயிருக்கும். சர்வீஸ் சென்டரில் மற்றவர்கள் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடிப்பதை அவர் வாசலிலேயே நின்று சொல்லிவிடுவார்.

வீட்டில்தான் வேறு மாதிரி. இரண்டு வருடமாக அவள் சமையலறையிலிருந்து கூப்பிட்டால் பதில் வராது. நாலு தடவை கூப்பிட்டு, ஐந்தாவது தடவை கூடத்துக்கே வந்து கத்தினால், "இப்ப எதுக்குக் கத்தற?" என்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "நான் ஒருத்தி இருக்கேன்னு நினைப்பே இல்ல அந்த மனுஷனுக்கு. சுவத்துகிட்ட பேசலாம்" என்று தங்கையிடம் போனில் கொட்டித் தீர்ப்பாள். தங்கையும் தன் பங்குக்கு இரண்டு சொல்லுவாள். ஒரு மாதத்துக்கு முன்னால் ஒருநாள், அலுவலகத்தில் நடந்த ஒன்றை அவள் கண் கலங்கச் சொல்லிக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு விசில் அடித்துக்கொண்டிருந்தார். அன்றோடு பேச்சு நின்றது. அதன் பிறகு குளிர்பெட்டிக் கதவில் சீட்டுதான். 'பால் இல்லை.' 'வாங்கிட்டேன்.' 'கேஸ் பதிவு பண்ணணும்.' 'பண்ணிட்டேன்.'

(இந்த இடத்தில் இவர்களுக்கு ஒரு மகன் இருந்தான். சீட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவே ஓடுவான். மூன்றாம் வரைவில் அவனை விடுதிக்கு அனுப்பிவிட்டேன். நன்றாகப் படிக்கிறானாம்.)

டூலில் அந்த வரியைப் பார்த்த அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது, அவர்களுடைய சொந்த மெஷின் தடதடத்துக்கொண்டிருந்தது. அவர் அதன் முன்னால் மண்டி போட்டிருந்தார். முதுகு இவள் பக்கம். ஸ்க்ரூடிரைவரின் முனையை மெஷினின் தகரத்தில் அழுத்தி, பிடியைப் பல்லால் கவ்வியிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, தாடை வழியாக வருகிற அதிர்வை எண்ணிக்கொண்டிருந்தார்.

அவள் கைப்பையைக் கூடத்து நாற்காலியில் போட்டாள். அது சரிந்து விழுந்து, உள்ளே இருந்த ஸ்டீல் டப்பா தரையில் உருண்டது. அவர் திரும்பவில்லை.

கட்டுரையக்கா குனிந்து டப்பாவை எடுத்தாள். இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த கோபம், போக இடமில்லாமல் அவளிடமே திரும்பி வந்தது.

5

இப்போது உங்களுக்கு என் மேல் கோபம் வர வேண்டும். "ஏங்க, காது சரியா கேக்கலையா?" என்று அவள் ஒரே ஒரு வாக்கியம் கேட்டால் கதை முடிந்துவிடும். எனக்கும் வேலை மிச்சம். நானும் அவளிடம் மன்றாடிப் பார்த்தேன். அவள் கேட்க மாட்டாளாம்.

அவளுக்குக் காரணம் இருக்கிறது. ஒப்புக்கொள்ளும்படியாகவே இருக்கிறது, அதுதான் எரிச்சல். அவர் ஊரில் தலைநிமிர்ந்து நடப்பது அந்தக் காதை வைத்துத்தான். அதை இவள் போய்க் கண்டுபிடித்துச் சொன்னால், போலீஸ் திருடனைப் பிடித்த மாதிரி ஆகிவிடும். அவரே வந்து சொன்னால் விஷயம் வேறு. அவராக வாயைத் திறக்க வேண்டும், அதுவும் தன்னிடம் திறக்க வேண்டும், தேடுபொறியிடம் இல்லை. அவளுக்கு அந்த ஒன்று மட்டும்தான் வேண்டும். இந்தக் கதையிலும் அந்த ஒன்று மட்டும்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் நான் வார்த்தைக் கணக்குக்குச் சேர்த்தது.

இன்னொன்றும் உண்டு. அதை அவள் எனக்கே தாமதமாகத்தான் சொன்னாள். கேட்டால், அடுத்த நிமிஷம் மன்னிப்பும் கேட்டாக வேண்டும். தங்கையிடம் சொன்னதற்கெல்லாம்.

(ஒரு சந்தேகம்: அந்தப் பத்தில் தேடியது இவர்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. வேறு யாராவது ஒரு கணவர் வேறு ஏதாவது ஒரு தெருவில் தேடியிருக்கலாம். எழுதுகிற எனக்கே உறுதியாகத் தெரியாது. ஆனால் மனசு ஒன்றை முடிவு செய்துவிட்ட பிறகு புள்ளிவிவரத்தை வைத்து என்ன செய்வது?)

6

ஆகவே அவள் தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தாள். அந்த வரிக்கு ஒரு கட்டுரை எழுதினாள். காதுக்கடைக்காரரின் இணையதளத்தில், 'நிபுணர் குழு' என்ற பெயரில், கணவருக்கு ஒரு கடிதம். அவர் மறுபடி தேடினால் அது முதலில் வந்து நிற்க வேண்டும். வந்து நிற்க வேண்டுமென்றால் விதிப்படி எழுத வேண்டும். தலைப்பில் கீவேர்ட். முதல் பத்தியில் கீவேர்ட். முந்நூறு வார்த்தைக்கு ஒரு தடவையாவது கீவேர்ட். பெண்டாட்டி புருஷனுக்கு எழுதுவதாக இருந்தாலும் சலுகை கிடையாது.

எனக்குக் கிடைத்த பகுதியை அப்படியே தருகிறேன்:

"காது கேட்கவில்லை என்று மனைவியிடம் சொல்வது எப்படி என்று யோசிக்கிறீர்களா? கவலை வேண்டாம். காது கேட்கவில்லை என்று மனைவியிடம் சொல்வது எப்படி என்பது பலருக்கும் உள்ள கேள்விதான். அவள் கோபப்படுவாள் என்று பயந்துதான் நீங்கள் சொல்லாமல் இருக்கிறீர்கள். ஆமாம், கோபப்படுவாள். ஆனால் அதில் முக்கால்வாசி உங்கள் மேல் இருக்காது. கூப்பிட்டும் நீங்கள் திரும்பாத ஒவ்வொரு தடவையும் உங்களைப் பற்றித் தன் தங்கையிடம் என்னென்ன சொன்னாளோ, அதையெல்லாம் நினைத்துத் தன் மேலேயே அவளுக்கு வரும் கோபம் அது. இலவசக் காதுப் பரிசோதனைக்கு இன்றே அழையுங்கள்! நீங்கள் விசில் அடித்த அன்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது உங்களுக்குக் கேட்கவே இல்லை என்பது அவளுக்கு இப்போது தெரியும். காது கேட்கவில்லை என்று மனைவியிடம் சொல்வது எப்படி என்றால், சும்மா வந்து எதிரே உட்காருங்கள், போதும்."

நடுவில் ஆச்சரியக்குறியோடு இருக்கிற வரி முதல்பக்கத்தின் திருத்தம். "பாரா நல்லா உருக்கமா போகுதுக்கா. அந்த இடத்துலதான் போன் நம்பர் வரணும்" என்றான்.

கட்டுரையைச் சோதிக்கும் டூல் இன்னும் கறாராக இருந்தது. வாக்கியங்கள் நீளம் என்று சிவப்பு விளக்கு. போட்டிக் கட்டுரைகளில் 'மனைவி' சராசரியாகப் பதினோரு தடவை வருகிறாள், உங்கள் கட்டுரையில் நாலு தடவைதான் வருகிறாள் என்று இன்னொரு சிவப்பு விளக்கு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மனைவியை ஏழு தடவை கூடுதலாகச் சேர்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது. கட்டுரை ஏறியது.

7

அடுத்து நடந்ததுதான் இந்தத் தொழிலில் இருப்பவர்களால் மட்டும் செய்ய முடிகிற தவறு.

கட்டுரை மேலே வந்துவிட்டதா என்று பார்க்க, அவள் தினமும் அந்த வரியைத் தேடினாள். காலையில் வந்ததும் ஒரு தடவை, சாப்பிட்ட பிறகு ஒரு தடவை, கிளம்பும்போது ஒரு தடவை. தேடி, திறந்து, யாராவது படித்தார்களா என்று பார்ப்பாள். அவள் இப்படித் தவிப்பதைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரியும் தேடினாள். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க வந்தவர்கூட ஒரு தடவை தேடிப் பார்த்தார். முதல்பக்கம் வைத்திருந்த தானியங்கி நிரல் வேறு, எல்லா வரிகளையும் சளைக்காமல் தேடிக்கொண்டிருந்தது.

மறு மாதம் டூலில் அந்த எண் நூற்றெழுபது ஆகியிருந்தது. பக்கத்தில் மேல்நோக்கி ஒரு பச்சை அம்பு.

(ஒப்புதல்: இந்தக் கதையை எழுதுகிற நானும் அந்த வரியை அப்பப்போ தேடிக்கொண்டுதான் இருந்தேன். எண் மாறியதா, கதை நகருமா என்று பார்க்க. முப்பது தடவையாவது இருக்கும். ஆகவே அவள் வாழ்க்கையில் ஏறிய அந்த நூற்றெழுபதில் முப்பது என்னுடையது. எழுத்தாளன் பாத்திரங்களின் வாழ்க்கையில் மூக்கை நுழைக்கக் கூடாது என்பார்கள். நான் நுழைத்தேன், எண்ணிக்கையிலும் ஏறிவிட்டேன்.)

முதல்பக்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா! பதினேழு மடங்கு! ஊர்ல இத்தனை ஆம்பளைங்களுக்குக் காது போய், பொண்டாட்டிகிட்ட சொல்ல முடியாம கிடக்கறாங்க. இது டிரெண்டுக்கா!" என்று வெள்ளைப் பலகையை ஈரத்துணியால் துடைத்தான். அந்தப் பலகை முழுசாகத் துடைக்கப்பட்டதை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். மளமளவென்று எழுதினான். காது கேட்கவில்லை என்று மாமியாரிடம் சொல்வது எப்படி. மேலாளரிடம் சொல்வது எப்படி. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது எப்படி. காது கேட்கவில்லை என்று காது கேட்காத நண்பரிடம் சொல்வது எப்படி. முப்பது தலைப்பு.

அவள் எழுதினாள். என்ன செய்வது, சம்பளம் வாங்குகிறாள். முப்பதையும் எழுதினார்கள், முப்பதையும் தேடிச் சரிபார்த்தார்கள், முப்பதுக்கும் அம்பு மேலே போனது. அந்த வரைபடத்தைப் பார்த்த காதுக்கடைக்காரர் கண் கலங்கிவிட்டார். கடையின் பின்புறம் சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, எதிரெதிராக இரண்டு நாற்காலியும் நடுவில் ஒரு டிஷ்யூ பெட்டியும் வைத்து, 'மனைவியிடம் சொல்லும் அறை' என்று பலகை மாட்டினார். அதற்கென்று ஆலோசகர் ஒருவரையும் வேலைக்கு வைத்தார்.

மூன்று வாரம் ஒரு ஈ காக்கை வரவில்லை. ஆலோசகர் டிஷ்யூவில் பூ செய்யக் கற்றுக்கொண்டார்.

8

காதுக்கடைக்காரர் போன் செய்து, இன்னொரு அறையும் கட்டலாமா, கூட்டம் எப்போது வரும் என்று அப்பாவியாகக் கேட்டபோது கட்டுரையக்காவுக்கு மனசு பொறுக்கவில்லை. நேராக முதலாளியின் மேசைக்குப் போனாள்.

"சார், அந்த நூத்தி எழுபதும் நாமதான்."

"எந்த நூத்தி எழுபது?"

"அந்த வரியை ஊர்ல யாரும் தேடல. நாமதான் தேடித் தேடி ஏத்தி விட்டிருக்கோம். முப்பது தலைப்பும் அப்படித்தான். நம்ம முகத்தையே கண்ணாடில பார்த்துட்டு ஆள் வந்திருக்காங்கன்னு சந்தோஷப்பட்டுட்டு இருக்கோம்."

முதல்பக்கம் சிரித்தான். பிறகு சிரிப்பு மெதுவாக நின்றது. பக்கத்தின் வருகைப் பதிவைத் திறந்தான். மொத்த வருகை இருநூற்றுப் பதினான்கு. அலுவலக இணைப்பிலிருந்து வந்ததையெல்லாம் நீக்கினான். தானியங்கியை நீக்கினான். காதுக்கடைக்காரர் பெருமையோடு தன் கடையிலிருந்து திறந்து பார்த்ததை நீக்கினான். (என்னையும் நீக்கினான். நான் ஒன்றும் சொல்லவில்லை.) திரையில் ஒரே ஒரு வரி மிஞ்சியது. ஒரு கைபேசி. ஐந்து தடவை வந்திருந்தது. ஐந்தும் வேலை நாள், ஐந்தும் காலை பதினொன்றே முக்காலை ஒட்டி. கடைசித் தடவை ஒன்பது நிமிடம் இருந்து, அடி வரைக்கும் படித்திருந்தது.

சர்வீஸ் சென்டரில் பதினொன்றே முக்காலுக்குத்தான் டீ விடுவார்கள்.

"ஒருத்தரா?" முதல்பக்கத்தின் முகம் தொங்கிப்போயிருந்தது. "ஒருத்தருக்காகவா இவ்வளவும்? தூக்கிடலாம்கா. எல்லாப் பேஜையும் தூக்கிடலாம். முதல் பேஜையும்."

"அதை மட்டும் விட்ருங்க சார்."

"எதுக்கு? ஒருத்தர்தானே படிக்கறாரு?"

"அவர் இன்னொரு தடவை படிக்க வருவார்னு நினைக்கறேன்."

"அவரை உங்களுக்குத் தெரியுமா என்ன?"

"தெரியாது சார்" என்றாள் கட்டுரையக்கா. ஏழு வருடத்தில் அவள் சொன்ன பொய்களில் கீவேர்ட் இல்லாதது இது ஒன்றுதான். முதல்பக்கம் அவள் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தான். என்ன நினைத்தானோ, "சரி மேடம்" என்றான். சம்பளப் பேச்சு எதுவும் எழாத இடத்தில் அவன் மேடம் என்றது அன்றுதான்.

9

முடிவுகள். டூலில் போட்டுப் பார்த்துவிட்டேன்.

'கணவன் மனைவி சேரும் கதை': ஐயாயிரத்து நானூறு. இந்த முடிவில் அவர் காது மெஷினைப் பரிசுப் பொட்டலத்தில் சுற்றிக்கொண்டு வருகிறார், அவள் ஓடிவந்து (ஓடட்டும். நான் வரவில்லை.)

'அழ வைக்கும் கதை': ஒன்பதாயிரம். இதில் அவர் சாலையைக் கடக்கும்போது பின்னால் வந்த லாரியின் ஹாரன் (வெட்கமாக இருக்கிறது. ஒன்பதாயிரம் பேரும் மன்னிக்க வேண்டும்.)

'திருப்பம் உள்ள கதை': முந்நூற்றுத் தொண்ணூறு. இதில் அந்தக் கைபேசி அவருடையது அல்ல, ஆலோசகருடையது. பூ செய்து அலுத்துப்போய்ப் படித்தார். இது மோசமில்லை. உண்மையாகக்கூட இருந்திருக்கலாம். அவளும் பேருந்தில் வீடு திரும்பும்போது இதைத்தான் நினைத்துப் பயந்துகொண்டே வந்தாள்.

'முடிவே இல்லாத கதை': பத்து. அதில் சிலது நான்.

10

அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் இருந்தது. சமையலறை மேசையில் அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அவர் எப்போதும் உட்காருவது கூடத்தில், டிவிக்கு எதிரே. குளிர்பெட்டிக் கதவில் புதுச் சீட்டு எதுவும் இல்லை.

அவள் உட்கார்ந்தாள். அவர் அவள் உதட்டைப் பார்த்தார். எப்போதிலிருந்து இப்படிப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. தான்தான் இத்தனை நாளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

"காது மெஷின் கடை சைட்ல ஒரு கட்டுரை படிச்சேன்" என்றார். தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார். நாலு மாதம் கழித்து வந்த முதல் வார்த்தைகள் பாத்திரங்களில் பட்டு எதிரொலித்தன.

அவள் கைப்பையை மேசையில் வைத்தாள்.

"யார் எழுதினாங்கன்னு போடல. நிபுணர் குழுன்னு போட்டிருக்கு. தங்கச்சிகிட்ட சொன்னது வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்கற நிபுணர் குழு." லேசாகச் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "அதுல ஒரு தப்பு இருக்கு."

"என்ன தப்பு?" அவளுக்குக் குரலே எழும்பவில்லை. ஆனால் அவருக்கு உதடு போதுமாக இருந்தது.

"பொண்டாட்டி கோபப்படுவாளேன்னு பயந்துதான் சொல்லலன்னு எழுதியிருக்கு. உன் கோபத்துக்கு நான் என்னிக்குப் பயந்திருக்கேன்? அது இல்ல." மேசையின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். "காது போச்சுன்னு தெரிஞ்சா நீ ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை, மூணு தடவை சொல்லணும். சத்தமா சொல்லணும். முக்கியமானதை மட்டும் சொல்லுவ. அப்புறம் அதுவும் எதுக்குன்னு விட்ருவ. மெஷின் சத்தம் போனா போகட்டும், கையை வச்சுப் பார்த்துக்கலாம். நீ பேசறதை நிறுத்திட்டா நான் எங்க கையை வச்சுப் பார்க்கறது?"

அவள் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அதுக்குப் பயந்துதான் சொல்லாம இருந்தேன்" என்றார். "சொல்லாம இருந்ததாலயே நீ நிறுத்திட்ட."

11

இனி அவள் பேச வேண்டும்.

நான் எழுத உட்கார்ந்தேன். நாலு மாதமாக அவள் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொல்வதாக எழுதினேன். "என்னை மன்னிச்சிடுங்க" என்று எழுதினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அதை அடித்துவிட்டேன். "டாக்டர்கிட்ட போலாம்" என்று எழுதினேன். அது காதுக்கடை விளம்பரம் மாதிரி இருந்தது. பதினாறு வருடம் கதை எழுதியும், ஒரு மனுஷனிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் எனக்கு வரவில்லை. டூலில் தேடினேன். 'கணவருக்குக் காது கேட்கவில்லை என்றால் அவரிடம் முதலில் என்ன சொல்வது.' தகவல் இல்லை என்றது. பத்துகூட இல்லை.

ஆகவே அந்த வாக்கியம் உங்களுடையது. உங்கள் வீட்டிலும் கூப்பிட்டால் திரும்பாத ஒருவர் இருப்பார், அவரைப் பற்றி நீங்களும் யாரிடமாவது போனில் கொட்டியிருப்பீர்கள். உங்களுக்கு வரும். இரண்டு மூன்று விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கத்த வேண்டாம், கத்தினால் வார்த்தை உடைந்து போகும். முகத்தில் வெளிச்சம் விழட்டும். வாயைக் கையால் மூடிக்கொள்ளாதீர்கள், அழுகை வந்தாலும் சரி.

முக்கியமில்லாத எதையாவது சொல்லுங்கள். அவர் உங்கள் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.